முட்டுக்கட்டை வேலை

திருவாரூரில் ஓடுவது என்றால் தேர்தான். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. நிலையை விட்டுக் கிளம்பி நான்கு வீதியும் சுற்றி மறுபடி நிலைக்கு வருவதற்குள் ஒரு பொழுது கழிந்துவிடும். அதுவும் இந்தக் காலத்துக் கணக்கு. பெரியவர்களைக் கேட்டால், மூலை திரும்பவே நாள் கணக்கில் ஆகுமே என்பார்கள், முகமெல்லாம் பெருமையாக. ‘ஆரூர்த் தேர் மாதிரி அசைஞ்சு வர்றான்’ என்பது மற்ற ஊர்களில் திட்டு. எங்கள் ஊரில் பாராட்டு. இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளுக்கு சைக்கிள் ரேஸ் நடத்துகிறேன் என்று ஒன்பது வருஷமாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

தேரோட்டத்தன்று ஊரே வடம் பிடிக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கூட ஒரு நிமிஷம் வடத்தைத் தொட்டுவிட்டு, ‘ஆழித்தேரை இழுத்தேன்’ என்று ஊருக்குப் போய்ச் சொல்வார். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஓடுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. கட்டையைச் சரியான இடத்தில் போட்டால்தான் தேர் திரும்பும், நிற்கும், கடைக்குள் நுழையாமல் இருக்கும். இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. ஆனாலும் கட்டை போடுகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சைக்கிள் போட்டியில் தொண்டு செய்வதும் இந்த வேலைதான். போட்டி நடத்துகிறவன் யாரையும் ஓடவைப்பதில்லை. பஸ்ஸை நிறுத்துகிறான், ஆட்டை நிறுத்துகிறான், மைக்கில் பேசுகிறவரை நிறுத்துகிறான். முடிந்தால் பெற்றோரையும்.

இதில் நான் மாட்டிக்கொண்டது பொங்கல் விளையாட்டு வழியாக. எங்கள் தெருவில் உறியடி, மியூசிக்கல் சேர், கோலப்போட்டி இவற்றோடு ஸ்லோ சைக்கிள் ரேஸும் உண்டு. கால் தரையில் படக்கூடாது, கடைசியாக வருகிறவருக்கு முதல் பரிசு. இதைக் கண்டுபிடித்தவர் திருவாரூர்க்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. ஒரு வருஷம் அதில் எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். திறமை என்று சொல்ல ஒன்றுமில்லை, செயினில் துரு. அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, சைக்கிள் கடை வைத்திருக்கும் எங்கள் மன்றச் செயலாளர், ‘நீங்க ஸ்போர்ட்ஸ்மேன் ஆச்சே’ என்று என்னை சைக்கிள் ரேஸுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்.

அவருக்கு ரேஸ் நடத்தும் ஆசை வரக் காரணம், ஒவ்வொரு வருஷமும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற மிதிவண்டிப் போட்டி. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. சின்னப் பையன்களுக்கு 15 கிலோமீட்டர், சின்னப் பெண்களுக்கு 10. மற்ற இரண்டு பிரிவுக்கும் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளாக இருக்கவேண்டும், கியர் வண்டி கூடாது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, 2,000. நான்கிலிருந்து பத்து வரை வருகிறவர்களுக்குத் தலைக்கு 250. செயலாளரின் பையன் நான்காவதாக வந்தான். மூன்றாவது பையனுக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு முன்சக்கர தூரம், 1,750 ரூபாய். ‘பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு வேணும்’ என்று செயலாளர் அன்று ராத்திரியே கூட்டம் போட்டார். அந்தப் பிள்ளைகள் யாரென்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

முதலில் பர்மிஷன். மனு கொடுப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு மரபு இருக்கிறது. மனுநீதிச் சோழன் கதையைத்தான் சொல்கிறேன். இளவரசன் தேரோட்டிப் போனான், கன்று சக்கரத்தில் விழுந்தது, தாய்ப்பசு அரண்மனை வாசலில் மணியை அடித்தது. ஒரே மனு, ஒரே அடி, அன்றைக்கே விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு. நாங்கள் ஐந்து படி எடுத்து, ஐந்து இடத்தில் கொடுத்து, மூன்று வாரம் நடந்தோம். ஓர் அலுவலகத்தில், ‘போட்டி என்றால் வேகமாகப் போவார்களா?’ என்று கேட்டார்கள். செயலாளர் கொஞ்சமும் யோசிக்காமல், ‘இல்லைங்க சார், நம்ம ஊர்ப் பிள்ளைங்கதான்’ என்றார். கையெழுத்துக் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லும் கல்தேரை ஊரிலேயே பார்த்து வளர்ந்தவனுக்குக் கன்றுக்குட்டி என்றால் உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. அதனால் ஆடு மாடு பார்க்க மட்டும் தனியாக ஓர் ஆள் போடுவது என்று தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறோம்.

அடுத்து பாதை. நாகை சாலையில் லாரி, தஞ்சாவூர் சாலையில் பஸ், மன்னார்குடி சாலையில் இரண்டும். கடைசியில் வயலுக்கு நடுவே போகிற ஒரு கிராமச் சாலையைப் பிடித்தோம். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பத்து கிலோமீட்டர் போய், ஒரு டிரம்மைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். டெல்டாவில் மலை கிடையாது. எங்களுக்கு வாய்க்கால் மதகுதான் ஆல்ப்ஸ். ஆற்றுப் பாலம் வந்தால் அதற்கு முன்பே பிள்ளைகள் எழுந்து நின்று மிதிப்பார்கள்.

போட்டி நாள் காலை ஐந்தரை மணிக்கு நீங்கள் வந்து பார்க்கவேண்டும். அரசு தருகிற விலையில்லா சைக்கிளில் பாதிப் பேர், அண்ணன் அக்காளுக்குக் கிடைத்த விலையில்லா சைக்கிளில் மீதிப் பேர். ராத்திரியோடு ராத்திரியாக மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் கழற்றப்பட்டு, வண்டி அறுவடை முடிந்த வயல் மாதிரி நிற்கும். ஸ்டாண்டு இல்லாததால் எல்லா வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்பது விழும். ஓர் அப்பா செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார், அதே எண்ணெயை மகன் தலையிலும் தடவுவார். காற்று ‘கல்லு மாதிரி’ இருக்கவேண்டும் என்று அடித்து அடித்து, கிளம்புவதற்கு முன்பே ஒரு டியூப் வெடிக்கும். அந்தச் சத்தத்தைத் துப்பாக்கி என்று நினைத்து ஏழெட்டுப் பேர் கிளம்பிவிடுவார்கள். டிவிஎஸ் 50-ல் துரத்திப் போய் அவர்களைத் திருப்பிக் கூட்டிவருவது ஒருங்கிணைப்பாளர் வேலை.

வயது பார்ப்பது அதைவிடச் சிரமம். 13 வயதுக்கு உட்பட்டோர் வரிசையில் ஒருவன் நின்றான். மீசை அரும்பியிருந்தது. ஆதாரில் 12. ‘எங்க குடும்பமே இப்படித்தாங்க’ என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டார். எண் எழுதிய துணியைச் சட்டையில் குத்த ஊக்கு பற்றவில்லை. அந்த அம்மாவே தாலிக்கயிற்றிலிருந்து இரண்டு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வயதைப் பற்றி எப்படிப் பேசுவது?

செப்டம்பரில் போட்டி வைத்தால் ஒரு தொந்தரவு உண்டு. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த வருஷமென்றால் அது குறுவை அறுப்புக் காலம். அறுவடை மிஷின் சாலையின் இரண்டு ஓரத்தையும் அடைத்துக்கொண்டு வரும். மிச்சமிருக்கும் தாரில் நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் பேச்சில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே அரை கிலோமீட்டருக்கு நெல், ஓரத்தில் கருங்கல் வரிசை, கல்லுக்கு ஒரு பெரியம்மா காவல்.

‘பெரியம்மா, ஒரு மணி நேரம் ஓரமாக் கூட்டி வச்சீங்கன்னா பிள்ளைங்க போயிடும்.’

‘எந்தப் பிள்ளைங்க?’

‘சைக்கிள் ரேஸ்.’

‘சைக்கிளு எங்க வேணும்னாலும் வுடலாம் தம்பி. நெல்லு எங்க காயும், சொல்லு.’

பதில் இல்லை. துழாவுகிற பலகையை ஊன்றிக்கொண்டு அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். இரண்டு கம்பத்துக்கு நடுவே எங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. இருபதுக்கு எட்டடி. நன்கொடையாளர் படங்கள், செயலாளர் படம், மூலையில் தபால்தலை அளவுக்கு நான்.

‘அது மழைக்குத் தாங்குமா?’

ஒப்பந்தம் முடிந்தது. போட்டி முடிந்ததும் பேனர் அவருக்கு, அதுவரை பாதிச் சாலை எங்களுக்கு. நெல்லைக் கூட்டும்போது நானும் ஒரு கை பிடித்தேன். ஒன்பது வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த உடற்பயிற்சி அதுதான்.

தொண்டருக்குப் போட்டி எவ்வளவு தெரியும் என்று ஒரு முறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எட்டு விநாடி. இருட்டில் எழுந்து, சிவப்புத் துணி கட்டிய கம்போடு முச்சந்தியில் இரண்டு மணி நேரம் நிற்கிறோம். சர்ரென்று ஒரு சத்தம், கொஞ்சம் எண்ணெய் வாசனை, ஒரு செருப்பு. அவ்வளவுதான். செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி நிற்கவேண்டும், அவன் திரும்பி வரும்போது கொடுக்க. யார் முதல் என்று அந்தப் பக்கம் போகிறவர்களெல்லாம் நம்மைத்தான் கேட்பார்கள்.

நெல்லைக் கூட்டிய அந்த வருஷம் எனக்கு டிரம் பக்கத்தில் டியூட்டி. சுற்றித் திரும்புகிற ஒவ்வொருவர் கையிலும் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தவேண்டும், பாதியில் திரும்பவில்லை என்பதற்கு அத்தாட்சி. வேர்த்த கையில் மை நிற்காது. நின்று குத்திக்கொள்ள எவனுக்கும் பொறுமை கிடையாது. கையை நீட்டியபடியே போவார்கள், நான் கூடவே ஓடவேண்டும். முதுகில் நாலு பேருக்கு, கன்னத்தில் ஒருவனுக்கு, என் வேட்டியில் பல இடத்தில் முத்திரை விழுந்தது. ஒருவன் வரும்போதே கையில் ஊதா முத்திரையோடு வந்தான். பார்த்தால் அவன் அப்பா வேலை பார்க்கிற சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பு. ‘பெறப்பட்டது’ என்று தெளிவாக விழுந்திருந்தது.

இதற்கெல்லாம் கோபப்படக்கூடாது. 1903-ல் ஒரு பத்திரிகை விற்பனையைப் பெருக்கத் தொடங்கியதுதான் டூர் டி பிரான்ஸ். இரண்டாவது வருஷமே சாலையில் ஆணி போட்டார்கள், போட்டியாளரை மறித்து அடித்தார்கள், சிலர் நடுவில் ரயில் ஏறிப் போனதாகப் புகார். விசாரித்து விசாரித்து, ஜூலையில் முடிந்த போட்டிக்கு வருஷக் கடைசியில்தான் தீர்ப்பு. முதலில் வந்த நான்கு பேரையும் நீக்கிவிட்டு, ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே என்ற பையனுக்குப் பட்டம் கொடுத்தார்கள். வயது 19. அவன் அப்பா ஏதாவது சைக்கிள் கடை வைத்திருந்தாரா என்பதுதான் செயலாளரின் சந்தேகம்.

எங்கள் பையன்கள் ரயில் ஏறவில்லை. ரயில்தான் அவர்களுக்குக் குறுக்கே வந்தது. அந்தப் பாதையில் ஒரு ரயில்வே கேட். பயணிகள் ரயில் நேரமெல்லாம் பார்த்து எழுதி வைத்திருந்தோம், சரக்கு ரயிலை மறந்துவிட்டோம். அரவைக்குப் போகிற நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு 42 வேகன், ஆரூர்த் தேரின் நிதானத்தில் போனது. கேட்டுக்கு அந்தப் பக்கம், 17 வயதுப் பிரிவில் தனியாக முந்தி வந்துகொண்டிருந்த பையன் ஒரு காலை ஊன்றி வேகனை எண்ணினான். பத்தாவது வேகனுக்கு இரண்டாமவன் வந்தான். இருபதுக்கு நாலு பேர். முப்பத்தைந்துக்கு எல்லோரும் வந்து, குளுக்கோஸைப் பங்குபோட்டுக் குடித்து, யார் வீட்டில் இன்றைக்குக் கறி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டைத் திறந்தபோது பதின்மூன்றாவதாக வந்தவன் முன்னால் நின்றான்.

சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிப் புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறது. மூடிய கேட்டுக்குள் நுழைந்தால் தகுதி நீக்கம். முந்தி வந்தவன் 30 விநாடிக்கு மேல் முந்தியிருந்து, கேட் திறப்பதற்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டால், போட்டியை நிறுத்தி அதே இடைவெளியோடு மறுபடி கிளப்பவேண்டும். அதற்குக் குறைவென்றால் அது போட்டியில் நடக்கிற சகஜம். இதையெல்லாம் நான் படித்தது அடுத்த வாரம். அன்றைக்கு கேட்டில் எங்கள் ஆள் ஒருவர்தான் இருந்தார், ஆடு மாடு பார்க்கப் போட்ட ஆள். எத்தனை விநாடி முந்தினான் என்று கேட்டதற்கு, ‘பத்து வேகன்’ என்றார். பிறகு நடந்த தகராறு இட்லி ஆறிப்போகும் வரை நீடித்தது. முந்தி வந்த பையனுக்கும் முன்னால் நின்ற பையனுக்கும் முதல் பரிசைப் பாதிப் பாதி கொடுத்தோம். செயலாளரின் பையன் இந்த முறையும் நான்காவது.

பத்து நாள் கழித்து ராத்திரி நல்ல மழை. காலையில் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். சாலையோரம் நெல் அம்பாரத்தின் மேல் எங்கள் பேனர் விரித்திருந்தது. நன்கொடையாளர்கள் எல்லாம் மடிப்புக்குள் போய்விட்டார்கள். மூலை மட்டும் வானத்தைப் பார்த்து விரிந்து கிடந்தது, என் நெற்றியில் ஒரு கருங்கல். வண்டியை நிறுத்தி, கல்லைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று குனிந்தேன்.

‘தம்பி, அந்தக் கல்லை எடுக்காத’ என்று எதிர்த் திண்ணையிலிருந்து பெரியம்மா சத்தம் போட்டார். ‘அது ஒண்ணுதான் எல்லாத்தையும் புடிச்சுக்கிட்டு இருக்கு.’