காபி மறுப்பு: ஓர் ஆராய்ச்சி

கல்வராயன் மலையடிவாரத்துச் சங்கராபுரத்தில், திண்ணையில் வந்தமர்ந்தவரிடம் "காபி சாப்பிடுறீங்களா?" என்று இல்லத்தார் வினவுவதும், காலைமுதல் பச்சைத்தண்ணீரும் பல்லில் படாத அவர் "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்" என்று கூசாது உரைப்பதும், அவ்வுரையை அணுவளவும் நம்பாமல் இல்லத்தார் அடுப்பைப் பற்றவைப்பதும் நித்தியமும் நிகழ்வனவாயினும், இவற்றின் சாஸ்திரத்தை எவரும் முறையாக எழுதிவைக்காத குறையை நிவிர்த்தி செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவை ஆறாகப் பகுத்த நன்னூலின்படி, மேற்படி வினா தோற்றத்தில் அறியா வினா. உண்மையில் கொடை வினா என்பது எமது துணிபு. விடையை நன்னூலாசிரியர் பவணந்தியார் எட்டாக வகுத்தது இவ்வூர்த் திண்ணையில் அமர்ந்துதானோ என்று ஐயுற இடமுண்டு. "வேணாங்க" என்பது மறை, பக்கத்திலிருப்பவரைக் காட்டி "இவருக்குக் குடுங்க" என்பது சுட்டு, "நீங்க குடிங்க" என்பது ஏவல், "எதுக்குங்க சிரமம்?" என்பது வினாவெதிர் வினாதல், "குடிச்சா ராத்திரி தூக்கம் வராது" என்பது உறுவது கூறல், "தண்ணி மட்டும் போதும்" என்பது இனமொழி. "இப்பத்தான் குடிச்சேன்" என்பதோ, உறாததை உற்றதாக உரைக்கும் உற்றதுரைத்தல். எஞ்சிய நேர்விடை முதற்சுற்றில் வழங்கப்பெறுவதில்லை. எடுத்த எடுப்பில் "சரி" என்பவரை ஊரார் காபிக்காகவே வந்தவராகக் கருதுவர்.

மேல்நாட்டாரும் இத்துறையில் உழைத்துள்ளனர். சொல்லுதலே செய்தலாகும் என்று 1955இல் ஹார்வர்டில் தத்துவவாதி ஆஸ்டின் விரிவுரைத்தார். ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்தால் மொழியோடும் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத் தமிழையும் வைத்து ஆராய்ந்த மொழியியலாளர்கள் பிரவுனும் லெவின்சனும், கொடுக்க முன்வருவதுகூடப் பெறுபவரைக் கடன்படச் செய்து அவர்தம் கௌரவத்தை நெருக்கும் என்று 1978இல் எழுதினர். பாரசீகரின் தாரோஃப் என்னும் உபசார வழக்கிலும் முதல் மறுப்பு மறுப்பாகாது. மறுப்பை மெய்யென்று கொள்ளும் அந்நிய தேசத்தார் வீட்டில், இரண்டாம் முறை கேட்பார்களென்று காத்திருந்த நம்மவர் வறண்ட நாவோடு எழுந்துவருவதன் காரணம் இதுவே.

ஆகவே, மூன்றாம் முறை வினவும்போது வரும் விடையே செல்லத்தக்கது, முந்தியவை தள்ளுபடி. 2019இல் விழுப்புரத்தினின்றும் பிரிந்து, சங்கராபுரத்தை உள்ளடக்கிய கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்னரும் இவ்விதியில் திருத்தமில்லை. எனினும், அன்புடைய இல்லத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: காபியைக் கேளாமலே கொண்டுவாருங்கள், சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் வினவுங்கள். அது ஒன்றே மெய்யான அறியா வினா. அதற்கு எவரும் பொய் சொல்வதில்லை.