ரோமமும் நிர்வாணமும்

ஆடையைக் களைந்து நடத்தும் விளம்பரக் கூத்தால் லாபம் விலங்குக்கா, புகைப்படக்காரருக்கா?

முதல் லாபம் புகைப்படக்காரருக்கே. 'ரோம ஆடையைவிட நிர்வாணமே மேல்' என்று 1994-இல் விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் விளம்பரத்தில் நின்ற மாடல் நவோமி கேம்பெல், 1997-இல் ரோம ஆடையோடு மிலான் மேடையில் நடந்தார். துறவு மூன்றாண்டு தாங்கியது! பண்ணை விலங்குகளை யூதப் படுகொலையோடு ஒப்பிட்ட பீட்டாவின் 2003 கண்காட்சியோ மன்னிப்பில்தான் முடிந்தது.

ஆனால் 1980-இல் விலங்குரிமைப் போராளி ஹென்றி ஸ்பைரா நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அழகுசாதனச் சோதனையில் குருடாகும் முயல்களுக்காக ரெவ்லான் நிறுவனத்திடம் கணக்குக் கேட்டார். அதுவும் கவன ஈர்ப்புதான். ஆயினும் முன்னதாக நிறுவனத்தோடு பேசிப் பார்த்தவர், தெளிவான ஒரே கோரிக்கை வைத்திருந்தவர். மாற்றுச் சோதனை ஆராய்ச்சிக்காக ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் தந்தது ரெவ்லான்.