மட்டக்களப்பின் மலைக் கணவாய்கள்: ஓர் ஆய்வு

சைக்கிளில் மலை ஏறுவது பற்றி எழுதிய அறிஞர்கள் எல்லோரும், மலை இருக்கிறது என்ற துணிச்சலான அனுமானத்தில்தான் தொடங்குகிறார்கள். 2,115 மீற்றர் உயரமுள்ள தூர்மாலே கணவாயை 1910 இல் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் சேர்த்த நாளிலிருந்து இத்துறை ஐரோப்பியர் கையில் கிடக்கிறது. வாவிக்கரைக்காரரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மட்டக்களப்பு வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை; இரண்டும் தட்டை. களுவாஞ்சிகுடியிலிருந்து ஏறாவூர் வரை உழக்கினாலும், ஏற்றம் என்று சொல்லப் பாலங்களின் இரு முனைகள்தான் மிஞ்சும். மண்முனையில் அதுவும் இருக்கவில்லை. 2014 இல் பாலம் திறக்கும் வரை சைக்கிளும் ஆளும் ‘பாதை’ எனப்படும் படகில் ஏறி, உழக்காமலே அக்கரை சேர்ந்தார்கள்.

இங்கேதான் நமது கருதுகோள் பிறக்கிறது: கணவாய் நிலத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, காற்றிலும் இருக்கலாம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சுட்டுக் கிழக்கே இறங்குவதுதான் கச்சான். அந்த மாதங்களில் மண்முனையால் கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவரைப் பாருங்கள். சாறனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, நாடி ஹேண்டிலைத் தொடக் குனிந்து, இருக்கையை விட்டு எழுந்து நின்று உழக்குகிறார். சைக்கிள் நகர்கிறதா என்பது விவாதத்துக்குரியது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை அவர் படிக்கவில்லை, முழங்கால் படித்திருக்கிறது. மலைக்காவது உச்சி உண்டு. கச்சானுக்கு ஏது உச்சி? ஆனால் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். கரியலில் கட்டிய தயிர்ச் சட்டி ஆடாமல் வர வேண்டும் என்பதற்காகப் பிறேக்கைப் பிடித்துக்கொண்டே வருவார்.

கூட்டாளிகளோடு போகும் ஓட்டத்துக்கு வேறு விதி: கதை கூடக் கூட வேகம் குறையும். இருவர் இருவராக றோட்டை அடைத்துப் போவார்கள். பின்னால் பஸ் ஹோன் அடித்தால் கதை முடிந்த பிறகு ஒதுங்குவார்கள். களைத்தவன் பக்கத்தில் போகிறவனின் தோளில் கைவைத்துக்கொள்வான். எதிர்க்காற்றில் பருமனான மச்சானை முன்னே விட்டு மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிவார்கள். பிரான்சில் கோடிகள் செலவிட்டுப் பழக்கும் உத்தி இது; இங்கே செலவு ஒரு பிளேன்ரீ.

நிஜமான மலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்போருக்கும் வழி இருக்கிறது. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாக வரும் ஏ-5 நெடுஞ்சாலை வந்து முடிவது செங்கலடியில். அதைத் தலைகீழாகப் பிடித்தால் கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா. பிபிலை தாண்டி லுணுகலை, பசறைப் பக்கம் வளைவுகள் தொடங்கும். பதுளையோடு நின்றுவிடாதவருக்கு 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா காத்திருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒட்டிய செங்கலடிச் சந்தியில் நின்று பார்த்தால் இது நம்பமுடியாத செய்தி.

பிரான்ஸ் சுற்றோட்டக்காரருக்கே கியர் மாற்றும் பொறி 1937 இல்தான் அனுமதிக்கப்பட்டது. ஆகவே ஒற்றைக் கியர் லுமாலாவை வைத்திருப்பவர் வெட்கப்படத் தேவையில்லை. ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம். ஆனால் கச்சான் காலத்தில் மட்டும் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பி, அங்கிருந்து செங்கலடிக்கு உழக்கி வாருங்கள்.