காற்று போன கௌரவம்

பழைய சொகுசு எஸ்யூவியைப் பாதி விலைக்கு வாங்குகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பது இரும்பா, காற்றா? காற்று என்றால், ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி விடிந்ததும் வண்டிமாடு மாதிரி பின்னங்காலை மடக்கிப் படுத்திருக்கும். முகம் மட்டும் வானத்தைப் பார்க்கும், கௌரவம் போகாது.

குற்றவாளி பெரும்பாலும் ரப்பர் பலூன்தான். வயதானால் மடிப்புகளில் மயிரிழையாய் வெடிக்கும். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினால் நுரை கிளம்பி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை மலிவான சோதனைக்கு சில பெரிய ஒர்க்‌ஷாப்களின் அந்தஸ்து இடம் தருவதில்லை. லேப்டாப்பைச் செருகுவார்கள். அது கம்ப்ரஸரைக் கைகாட்டும். கம்ப்ரஸர் பாவம், ஓட்டைப் பலூனுக்கு ஓயாமல் ஊதி ஊதியே வெந்துபோயிருக்கும். புதுசு மாட்டுவார்கள், ஓட்டை அப்படியே இருக்கும், புதுசும் வேகும். "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்பார் அட்வைசர், பில்லை நீட்டியபடி.

கடைசியில் பலர் வந்து சேர்வது சாதாரண சுருள் ஸ்பிரிங்குக்கு. கதை புதிதல்ல. 1957-இல் காற்று சஸ்பென்ஷனோடு வந்த கேடிலாக் எல்டொராடோ புரோகமிலேயே, கசிவு தாங்காமல் பல உரிமையாளர்கள் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டார்கள்.

வாங்கப் போகிறவர்களே, டெஸ்ட் டிரைவ் அப்புறம் இருக்கட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, ஓனர் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்.