திருவனந்தபுரத்துச் சாலையில் லம்போர்கினி: இன்பம் யாருக்கு என்னும் விசாரணை

மலையாளத் திரையுலகின் மூத்த நடிகை மல்லிகா சுகுமாரன் 2018-ல் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் கேரளத்தின் சிந்தனை வரலாற்றில் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை. அந்த ஆண்டு அவர் மகன், நடிகர் பிருத்விராஜ், லம்போர்கினி ஹுராகான் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதைத் திருவனந்தபுரத்தில் உள்ள அம்மா வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை, ரோடு அப்படி இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். கேரளம் விழுந்து விழுந்து சிரித்தது. மீம்கள் பறந்தன. மகனின் பெருமையைப் பீற்றிக்கொள்கிறார் என்று ஊரே பொருள் கொண்டது. மூலத்தை விட்டுவிட்டு மூலம் சொன்னவரின் மனசைத் துருவுவது உரையாசிரியர்களின் பழைய நோய். ட்ரோல் போடுகிறவர்களுக்கும் அது தொற்றியிருப்பதில் வியப்பில்லை. பெருமையையும் பொறாமையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சில் மிஞ்சுவது ஓர் அறிவியல் கூற்று: இன்ன கார், இன்ன ரோடு, இரண்டும் ஒத்துப்போகா. சரியா தவறா என்று அளந்து பார்த்திருக்கலாம். ஒருவரும் டேப்பை எடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. கையோடு கையாக, ஸ்போர்ட்ஸ் காரை அன்றாடச் சாலையில் ஓட்டுவது இன்பந்தானா என்ற பெரிய வழக்கையும் இங்கேயே தீர்த்துவிட உத்தேசம்.

முதலில் தரை. ஹுராகானின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ 5 அங்குலம், கணக்குக்கு 12.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.62 மீட்டர். எதிர்த்தரப்பில் நிற்பது வேகத்தடை, கேரளத்தார் வாயில் ‘ஹம்ப்’. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி அல்ல, 1934-ல் தொடங்கிய சாலைப் பொறியாளர் அமைப்பு) ஹம்ப்புக்கு முறையான இலக்கணமே வகுத்திருக்கிறது: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், மேல்வளைவு 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்கலாம். பத்து செ.மீ. மேடு, பன்னிரண்டரை செ.மீ. இடைவெளி, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று அவசரப்பட வேண்டாம். ஹம்ப் 3.7 மீட்டர் அகலம் என்பதால் நட்டநடுவில் நான்கு சக்கரங்களும் ஹம்ப்பின் மேலேயே நிற்கும். மேடு காரையும் சேர்த்துத் தூக்கிவிடும். சக்கரங்களுக்கு இடையே மேடு எவ்வளவு புடைத்து நிற்கிறது என்பதே கேள்வி. 2.62-ஐ வர்க்கப்படுத்தி, 17-இன் எட்டு மடங்கால் வகுத்தால் 5 செ.மீ. வருகிறது. ஏழரை செ.மீ. பாக்கி இருக்கிறது. ஆகவே இலக்கணச் சுத்தமான ஹம்ப்பில் லம்போர்கினி உரசாது. இந்த முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கணிதத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது.

ஆனால் இலக்கணம் படித்த ஹம்ப் எத்தனை இருக்கிறது? ஒரு வளைவில் யாரோ விழுந்து அடிபட்ட மறுநாள், ஊர் கொதித்து, இரவோடிரவாக மிச்சத் தாரைக் கொட்டி எழுப்பும் ஹம்ப்புக்கு அகலம் இரண்டடி; உயரம், போடுகிறவரின் கைவாகு. அது இரண்டு சக்கரங்களுக்கு நடுவே முழுசாக அடங்கிவிடும். காரைத் தூக்கிவிடாது, தன் உயரம் மொத்தத்தையும் வயிற்றுக்கு நேராக நீட்டும். அதற்கு 13 செ.மீ. உயரம் போதும், இத்தாலிய அலுமினியத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிடும். இதைக் கடக்கும் முறை ஒரு சடங்கு. ஓட்டுநர் பத்தடி தள்ளி நிறுத்துகிறார். மூக்கைத் தூக்கும் பொத்தானை அமுக்குகிறார்; முன்பக்கம் நாலு செ.மீ. அளவுக்கு முனகிக்கொண்டு எழும்புகிறது. ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒரு சக்கரம் ஏறி முடிந்த பிறகு அடுத்தது ஏறும்படி குறுக்காக விடுகிறார். அப்போது கார் சாலையின் இரு பக்கத்தையும் அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் கே.எஸ்.ஆர்.டி.சி. சூப்பர் ஃபாஸ்ட் பஸ் பெயருக்கு மரியாதை கேட்டு ஹாரனை அமுக்கிப் பிடிக்கும். மூக்கு எழும்பியது வயிற்றின் நடுப்பகுதிக்குப் பாதி அளவே பயன்படும் என்பதால் கடைசி நொடியில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் கேட்கலாம். ஆக, அம்மையாரின் கூற்று பொய்யல்ல. ஹம்ப்பின் வம்சத்தைப் பொறுத்து உண்மை. அதே 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அவரைப் பெரிய அண்டா ஒன்றில் உட்காரவைத்துத் தண்ணீரில் தள்ளிக் கரைசேர்த்த படம் வெளிவந்து, அதற்கும் மீம் போட்டார்கள். தரை இடைவெளியைப் பற்றி முன்கூட்டியே கவலைப்பட்ட ஒரே குடிமகளை ஊர் நடத்திய விதம் இது.

அடுத்து வேகம். பின்சக்கரத்தை மட்டும் இயக்கும் ஹுராகான் வகைக்கு 580 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 3.4 நொடியில் எட்டும், உச்சம் 320. கேரள அரசு 2023 ஜூலை 1 முதல் திருத்திய வேக வரம்புப்படி ஆறுவழி தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு 110, மாநகராட்சி எல்லைக்குள் 50. இந்த 50-ஐ எட்ட ஹுராகானுக்கு ஏறத்தாழ 1.7 நொடி ஆகும். அந்த நேரத்தில் கார் கடக்கும் தூரம் 12 மீட்டர், அதாவது தன்னுடைய நீளத்தில் மூன்று மடங்குகூட இல்லை. திருவனந்தபுரம் பாளையத்தில் புறப்பட்டவர் பாளையத்திலேயே சட்டப்படியான இன்பம் முழுவதையும் அனுபவித்து முடித்துவிடுவார். அதன்பின் ஸ்டாச்சு, புளிமூடு, ஆயுர்வேதக் கல்லூரி, ஓவர்பிரிட்ஜ் என்று எம்.ஜி. ரோட்டில் எஞ்சியிருப்பது சும்மா போக்குவரத்து. முதல் கியரே 50-ஐத் தாண்டிவிடும் என்பதால் மற்ற ஆறு கியர்கள் நகர எல்லைக்குள் ஓட்டுநரின் நம்பிக்கை சார்ந்தவை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஆறில் ஒரு பங்குகூடப் புழக்கத்துக்கு வராது. வங்கியில் நீங்கள் போட்ட பணத்துக்கு இப்படி ஒரு விதி இருந்தால் சும்மா இருப்பீர்களா?

இன்பத்தை வேகத்தால் அளப்பது தட்டையான பார்வை, உட்கார்ந்திருப்பதிலேயே ஒரு சுகம் உண்டு என்பார்க்கு, விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. மெய்ப்பாட்டியல் உவகைக்குக் காட்டும் நிலைக்களன்கள் நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. செல்வத்தால் வரும் உவகை வண்டி ஷெட்டில் நிற்கும்போதும் குறைவின்றிக் கிடைப்பதால் சாலைக்கு அதில் பங்கில்லை. புணர்வு நம் ஆய்வெல்லைக்குள் வராது; இருக்கைகளின் அமைப்பும் இடம் கொடுக்காது. விளையாட்டுக்குக் களம் வேண்டும்; களம் 12 மீட்டர் என்று மேலே கண்டோம். மீதி, புலன். காரின் மொத்த உயரமே 1165 மி.மீ. என்பதால் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக வருவது பக்கத்து பஸ்ஸின் சக்கர நட்டுகள். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் வெந்துகொண்டிருக்கிறது. ரியர்வியூ கண்ணாடியில் தெரிவது ஒரு பட்டை வெளிச்சம். இறங்கும்போது ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, மூச்சை அடக்கி எழவேண்டியிருக்கும். அதைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். ஆகவே திருவனந்தபுரத்து ஓட்டுநரிடம் நிலைபெறும் மெய்ப்பாடுகள் அச்சம் (ஹம்ப்), வெகுளி (பைக்கின் ஹேண்டில்பார் பக்கவாட்டை நெருங்குகையில்), இளிவரல் (இறங்குகையில்). பெருமிதம் இருக்கிறதே என்றால், அதற்குத் தொல்காப்பியர் கேட்பது கல்வி, தறுகண்மை, புகழ், கொடை. கார் லோனை அவர் சேர்க்கவில்லை.

அப்படியென்றால் இன்பம் எங்கே போயிற்று? நகரின் பட்டம் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்த நேரம் பார்த்தால் தெரியும். ஆட்டோக்காரர் பாதி உடம்பை வெளியே சாய்த்துப் பார்க்கிறார். பைக்கில் பின்னால் இருப்பவன் போனை எடுத்துவிட்டான். முன்னால் இருப்பவன் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான், தப்பாக. பஸ்ஸில் ஜன்னலோரம் 10 ரூபாய் டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மேலிருந்து காரின் முழு முதுகும் காட்சி. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எஞ்சின் பகுதியை உள்ளே இருப்பவரைவிட இவர் நன்றாகப் பார்க்கிறார். பத்து சிலிண்டரின் குரல் பின்பக்கக் குழாய் வழியாகத்தான் வருகிறது. அதைச் சுத்தமாகக் கேட்பவர் நடைபாதைக்காரர், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டவர் அல்ல. தொல்காப்பியர் மருட்கை என்றது இவர்களுடையதை. அதற்குரிய புதுமை, பெருமை இரண்டும் இங்கே கண்முன் நிற்கின்றன. இந்த ஆய்வின் கருதுகோளை இங்கே வைக்கிறேன்: அன்றாடச் சாலையில் ஸ்போர்ட்ஸ் கார் இன்பம் தரவே செய்கிறது, காசு கொடுத்தவரைத் தவிர மற்ற எல்லாருக்கும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் மோசமான சாலை ஒரு மக்கள்நலத் திட்டம். சொந்த நாட்டு ஆட்டோஸ்ட்ராடா என்னும் விரைவுச்சாலையில் 130-ல் பறக்கும் ஹுராகானை ஓர் இத்தாலியர் ஒரு நொடி பார்ப்பார். ஒரு ‘விர்ர்’, அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு ஹம்ப்புக்கு அரை நிமிஷம் காட்சி உறுதி. குழி இருந்தால் மறுகாட்சி. முழுதாக இறக்குமதியாகும் இத்தகைய காருக்கு மத்திய அரசு நூறு சதவீதம் சுங்கம் வாங்கியது. பிருத்விராஜ் காருக்கு மாநில அரசு பதிவின்போது வாங்கிய வரி மட்டுமே நாற்பது லட்சத்தைத் தாண்டியதாக அப்போது செய்தி வந்தது. வரியைக் கருவூலத்தில் சேர்த்துவிட்டு, மீதமுள்ள இன்பத்தையும் சாலை வழியாகப் பாமரருக்குப் பங்கிடும் முறை எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இல்லை. ஆனாலும் நடைமுறையில் இருக்கிறது. வரிக்குப் பயந்து புதுச்சேரியில் பதிவுசெய்த சொகுசுக் கார்கள் 2017-ல் பெரிய சர்ச்சையானபோது மலையாளிகளுக்கு வந்த கோபத்தை இந்தப் பங்கீட்டுக் கோட்பாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

காரை ஓட்டுபவரே மகிழ்ந்த சரித்திரம் இந்த ஊரில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180-ஐ 2013-ல் மறையும்வரை விடவில்லை. அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, நிமிர்ந்து உட்காரும் செடான். ஒரே வண்டியுடன் அரை நூற்றாண்டு குடித்தனம் நடத்திய இன்பம் அது, 1.7 நொடியில் தீர்வதில்லை.

நள்ளிரவுக்குப் பின் கவடியார் சாலை நேராக, காலியாகக் கிடக்கிறதே என்பது இளைஞர் தரப்பின் ஆட்சேபம். 50 என்ற வரம்பு நள்ளிரவில் உறங்கப் போவதில்லை என்பது சட்டத்தின் பதில். அதைவிடக் கடுமையானது கோட்பாட்டின் பதில்: அந்நேரம் நடைபாதையில் ஆள் இல்லை, ஆகவே இன்பத்தைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. 2023-ல் கேரளம் சாலைகளில் முடுக்கிவிட்ட 726 கேமராக்களை ரசிகர்களாக எண்ண முடியாது. ஆடியவரிடமே காசு கேட்கும் பார்வையாளர்கள் அவை. டிராக்குக்குக் கொண்டுபோகலாமே என்றால், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் எத்தனை ஹம்ப் என்று யோசிக்கட்டும். சென்னை இன்னொரு வழி கண்டது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கி.மீ. சாலையை அடைத்து, விளக்குப் போட்டு, ஃபார்முலா 4 ஓட்டினார்கள். அன்றாடச் சாலையில் வேக இன்பம் வேண்டுமானால் முதலில் அன்றாடத்தை அப்புறப்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அங்கேயும் டிக்கெட் விற்றது பார்க்க வருபவர்களுக்குத்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

நகர எல்லைக்குள்ளேயே 320-ஐத் தொட்டுப் பார்க்க ஏற்ற நேர்ப்பாதை ஒன்று இருக்கிறது, சங்குமுகத்தை ஒட்டிய விமான நிலைய ஓடுபாதை. நீளம் சுமார் 3.4 கி.மீ.; ஹம்ப் கிடையாது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் கடலுக்குப் போக அதுதான் வழி. சில மணி நேரம் விமானங்களே நின்றுவிடும். ஊரின் ஒரே வேகச் சாலையிலும் முன்னுரிமை நடந்து போகிறவர்களுக்கு.

எல்லா வாதத்தையும்விட வலுவான சான்று 2022-ல் வந்தது. பிருத்விராஜ் ஹுராகானைக் கொடுத்துவிட்டு லம்போர்கினி உருஸுக்கு மாறினார். அதே காளைச் சின்னம். ஆனால் வண்டி எஸ்.யு.வி., நான்கு கதவு, ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தினால் தரை இடைவெளி 248 மி.மீ. கைவாகு ஹம்ப்பெல்லாம் அதற்குத் தூசு. அம்மா வீட்டு வழி இனி ஆய்வுக்குரிய பொருளல்ல. ஓட்டுநருக்கு இதனால் கிடைத்த நிம்மதியை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். பட்டம் சிக்னலில் உருஸ் வந்து நின்றால், ஃபார்ச்சூனர்களுக்கும் ஹாரியர்களுக்கும் நடுவே இன்னொரு பெரிய வண்டி. பஸ் ஜன்னலோரக்காரர் அந்தப் பக்கம் திரும்புவதே சந்தேகம். நடைபாதைக்குச் சேரவேண்டிய மருட்கை, நோட்டீஸ் எதுவும் கொடுக்காமல், ஓட்டுநரின் சௌகரியமாக மாற்றப்பட்டுவிட்டது. பாதிக்கப்பட்டோர் எந்தத் துறைக்கு மனு எழுதுவது, தலைமைச் செயலக வாசலில் ஏற்கெனவே பந்தல் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே எந்த இடத்தைப் பிடிப்பது என்பவை தனி ஆய்வுக்கு உரியன.