தட்டு வெறுமனே திரும்பாது

நான் புலம்பெயர்ந்த தூரம் மொத்தம் முந்நூறு யார் இருக்கும். கல்முனைக்குடியில் பிறந்தவன், கலியாணம் முடித்து ஸாஹிராக் கல்லூரி வீதியைக் கடந்து சாய்ந்தமருதுக்குக் குடிவந்தேன். கட்டாருக்குப் போன கூட்டாளிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

எங்கள் கரையோரத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் போவான். வீடு பெண்ணுக்கு எழுதப்பட்டிருக்கும். நான் வந்து சேர்ந்தபோது வீடு மனைவியுடையது, கிணறு மாமியுடையது, முற்றத்து மாமரம் மாமியின் உம்மா வைத்தது. ஆம்பிளைக்கு என்று மிஞ்சுவது இரண்டே இரண்டு: பொழுதுபோக்கும் அரசியலும். அதனால்தான் இரண்டிலும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் கூடும் ஆறு பேரில் நானும் ஒருவன். சகலன் மருதமுனையில் இருந்து வந்தவர், தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் காதுக்குப் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் கதைப்பார். மச்சான் தூண்டில் போடுவான். அவன் மீன் பிடித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற சேர் ஒருவர் இருக்கிறார். எந்தக் கதையையும் அவர் 1987இல் இருந்துதான் தொடங்குவார். சூடை மீன் என்ன விலை என்று கேட்டாலும், “87க்கு முதல் என்ன நடந்ததெண்டா…” என்பார்.

உலகக் கிண்ணக் காலத்தில் நான் பிரேசில், மச்சான் ஆர்ஜென்டினா. மாமியின் கேற்றில் இரண்டு கொடியும் ஆளுக்கொரு தூணில் பறக்கும். 2014 ஜூலை 8, நோன்பு காலம். ஜெர்மனியுடனான அரையிறுதி எங்கள் நேரப்படி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு. அரைமணிக்குள் ஐந்து கோல் வாங்கினோம், முடியும்போது ஏழு. அப்படியே எழும்பிப் போய் சஹர் சோற்றின் முன்னால் குந்தினேன்.

“மருமகனுக்குச் சோறு இறங்குதில்ல, சுகமில்லயா?” என்று மாமி கேட்டார்.

“அவரு ஏழு சாப்பிட்டுட்டு வந்திருக்கார் உம்மா. எங்க இறங்குற?” என்றான் மச்சான்.

பொறுமை ஈமானில் பாதி என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து இரவு கழித்து இறுதிப் போட்டியில் அதே ஜெர்மனி ஆர்ஜென்டினாவை ஒரேயொரு கோலால் சாய்த்தது. அன்று சஹருக்கு மச்சானின் கோப்பையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து, “ஒண்டு போதுமா மச்சான்?” என்று கேட்டேன். பெருநாள் வரைக்கும் அவன் என்னோடு கதைக்கவில்லை.

கால்பந்து நாலு வருடத்துக்கு ஒருமுறை. அரசியல் அப்படியல்ல, தினமும் அஸருக்குப் பிறகு. வெளியூர்க்காரர் எங்கள் பேச்சைக் கேட்டால் மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்கிறவர்கள் என்றுதான் நினைப்பார். முஸ்லிம் காங்கிரஸுக்கு மரம், மக்கள் காங்கிரஸுக்கு மயில், தேசிய காங்கிரஸுக்குக் குதிரை. “அவன் மரத்தில இருந்து இறங்கி மயிலுக்குப் போயிட்டான். மறுகா குதிரையில ஏறப் பாக்கான்.” இது எங்களுக்குச் சாதாரண வசனம். மரத்தை நட்ட அஷ்ரஃப் அவர்கள் 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் போனார். அதற்குப் பிறகு கிளைக்கு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தத் தோட்டத்தில் 2018இல் தோடம்பழமும் காய்த்தது. கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்று சுயேச்சைக் குழு கேட்ட சின்னம் அது. சாய்ந்தமருது வட்டாரங்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தேர்தல் நேரத்தில்தான் கல்முனைக்குடிச் சாச்சா காய்ச்சலில் கிடந்தார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? அரை டசின் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். சாச்சா பையைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்தார். “நோய் விசாரிக்க வந்தயா, வாக்குக் கேட்டு வந்தயா?” அன்றிலிருந்து நோயாளிக்கு நான் வாழைப்பழம்தான்.

சண்டையின் வேர் என்ன என்று கேட்டால் சேருக்குக் கொண்டாட்டம். அவர் சொல்லும் விளக்கத்தைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. “87க்கு முதல் நாலு சபை. நாலு பேருக்கு நாலு கோப்பை. பிறகு எல்லாத்தையும் ஒண்டாக்கி, நாலு பேரும் சேந்து தின்னுற ஒரு சஹன்ல கொட்டினாங்க. சஹன்ல ஆருக்கும் தன்ட முன்பக்கம் ஒரு எல்லை இரிக்கி. சோத்துக்குச் சண்டையில்ல. இறைச்சி நடுவில கிடக்கு பாருங்க, அதுதான் பிரச்சினை.” வடக்கே தமிழ்ச் சகோதரர்களுக்குப் பிரதேச செயலகம் தரமுயர வேண்டும். தெற்கே எங்களுக்குச் சபை பிரிய வேண்டும். நடுவில் இருக்கிறவர்களுக்கு எதுவுமே அசையக் கூடாது. என் உம்மா நடுவில் இருக்கிறார்.

2020 பெப்ரவரி 14, வெள்ளிக்கிழமை இரவு. சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் பட்டாசு வெடித்தது. சபை நடைமுறைக்கு வருவது 2022 மார்ச்சில்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளை பிறக்க இரண்டு வருடம் இருக்கும்போதே பேர் வைத்து முடிந்துவிட்டது. வட்ஸ்அப்பில் எங்கள் குடும்பக் குழுவுக்குப் பெயர் ‘ஒற்றுமை’. விடிவதற்குள் மூன்று பேர் அதிலிருந்து விலகியிருந்தார்கள். காலையில் மாமி தட்டு நிறைய பால்சோறு போட்டு, மூடி என் கையில் தந்தார். “மருமகன், உம்மாக்குக் குடுத்திட்டு வாங்க.”

ஸாஹிரா வீதியை நான் அவ்வளவு மெதுவாகக் கடந்ததேயில்லை.

“என்ன விசேஷம்?” உம்மா கேட்டார்.

“சபை கிடைச்சிட்டு.”

“எங்களில இருந்து பிரிஞ்சதுக்கு எங்களுக்கே பால்சோறா?” என்றவர் ஒரு கை எடுத்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். “உப்புக் காணா.”

ஒரு கிழமைகூடப் போகவில்லை, அந்த வர்த்தமானி ரத்தாகிவிட்டது. இந்த முறை பட்டாசுச் சத்தம் வடக்கே இருந்து கேட்டது. பின்னேரம் உம்மாவிடமிருந்து அழைப்பு: “மகன், மாமிட தட்டு இங்க கிடக்கு. வந்து எடுத்திட்டுப் போ.” போனேன். தட்டு நிறைய வட்டிலப்பம். நான் வாய் திறப்பதற்கு முன்பே உம்மா சொன்னார்: “தட்ட வெறுமனே திருப்பி அனுப்பக் கூடா.”

மாமி மூடியைத் திறந்தார். ஒரு துண்டை வெட்டி எடுத்தார். வீடே மூச்சுவிடாமல் நின்றது. “முட்டை காணா,” என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை வெட்டினார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2023இல் மாநகர சபையின் காலமும் முடிந்தது. 2025 மே மாதம் நாட்டின் மற்ற ஊர்கள் கிட்டத்தட்ட எல்லாம் உள்ளூராட்சிக்கு வாக்களித்தன, கல்முனைக்கு வாக்குப்பெட்டி வரவில்லை. தனிச் சபை கேட்டவருக்கும் இல்லை, தரமாட்டேன் என்றவருக்கும் இல்லை. சஹனே மேசையில் இல்லை. ஆனால் தட்டு நிற்கவில்லை. மாமி வெறுமனே வைக்க முடியாமல் அதில் தொதல் அனுப்பினார். உம்மா சும்மா இருப்பாரா? கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக் கந்தூரிச் சோறு வந்தது. கொண்டுபோகிறவனும் நான், கொண்டுவருகிறவனும் நான். வழியில் மூடியைத் திறந்து பார்க்கிறவனும் நான்தான். இந்த எல்லைத் தகராறில் எடை கூடியது எனக்கு மட்டும்.

போன மாதம் ஒரு புதுச் சிக்கல். தட்டு யாருடையது என்று இரண்டு வீட்டிலும் மறந்துபோனார்கள். மாமி தன்னுடையது என்கிறார். உம்மா, இல்லை, அது தன் சீதனத்தில் வந்தது என்கிறார். வேறு வழியில்லாமல் கடற்கரையில் சேரிடம் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “87க்கு முதல்…” என்றார்.

மச்சான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழும்பினான்.