சோழிக் கணக்கும் எம்.எஸ்சி. கணக்கும்

வாப்பா பேராண்டி. பிசிக்ஸ்ல எம்.எஸ்சி. முடிச்ச சூட்டோட, பஞ்சாங்கம் விக்கிறவர்கிட்ட போயி "காரணம் தெரியாம சொல்றதெல்லாம் அறிவா?"ன்னு கேட்டியாமே. பலே! உன் செல்போன்ல வர்க்கமூலம் பொத்தானை அமுக்கினா விடை வந்து விழுதே, அது உள்ளே எப்படி வருதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லேன். ஏன் தலையச் சொறியிற? சரி, விடு.

லெ ழாந்தில்னு ஒரு பிரெஞ்சுக்காரர். சூரியனைச் சுக்கிரன் கடக்கிறதைப் பார்க்க நம்ம புதுச்சேரிக்குக் கிளம்பினாரு. 1761-ல ஊர் இங்கிலீஷ்காரன் கையில. ஆடுற கப்பல்ல நின்னு பார்த்தது கணக்குக்கு உதவல. அடுத்த தடவைக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுத்தினாரு. இங்க வந்து, இடிஞ்ச கோட்டை மேல கூடம் கட்டித் தயாரா உக்காந்தா, 1769 ஜூன் 4 காலையில மேகம் மூடிடுச்சு. எல்லாம் முடிஞ்ச பிறகு சூரியன் பளிச்சுனு வந்தான். ஊர் திரும்பினா, ஆளு செத்துட்டதா நெனச்சு சொந்தக்காரங்க சொத்துக்கு அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

ஆனா இங்க இருந்தப்ப நம்மாளுங்ககிட்ட கிரகணக் கணக்கு கத்துக்கிட்டாரு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை ஒப்பிட்டும் பார்த்தாரு. கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சதுங்கிறதுல நம்ம கணக்கு 41 வினாடி கம்மி. ஐரோப்பாவே மெச்சின தோபியாஸ் மயர் அட்டவணை 68 வினாடி கூட. சிரிக்காதே, இன்னும் இருக்கு.

1825-ல வாரன்னு ஒருத்தர் 'கால சங்கலித'ன்னு புத்தகம் போட்டாரு. அவருக்கு நம்ம புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருத்தர் கிரகணம் கணிச்சுக் காட்டினாரு. ஏடு இல்ல, எழுத்தாணி இல்ல. தரையில சோழியை வரிசையா வெச்சு, தள்ளி, எடுத்து, மறுபடி வெச்சு, வாய் முணுமுணுக்கக் கணக்கு ஓடுது. எண்ணெல்லாம் எழுத்தாகி, எழுத்தெல்லாம் வாக்கியமாகி மனசுல கிடக்கு. நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியம், நாளுக்கு ஒண்ணு. கணக்கு ஏன் அப்படின்னு கேட்டா ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. கிரகணம் பிடிச்ச நேரத்துல பிசகு 4 நிமிஷம்தான்!

பார்த்தியா, நாசாவே அசந்துபோச்சுன்னு உடனே வாட்ஸப்ல போட உங்க சித்தப்பன் கை பரபரக்கும். அவனையும் உக்காரச் சொல்லு. அதே கணக்குல நடுநேரம் 23 நிமிஷம், விடுற நேரம் 52 நிமிஷம் பிசகு. அதைத் திருத்த அவரால ஆகாது. காரணம் தெரியாதவனுக்கு எந்த எண்ணைத் தொடுறதுன்னு எப்படித் தெரியும்? மயரோ, வானத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணைச் சரிசெஞ்சவரு. அது சீமைக்காரன் வித்தைன்னு நினைச்சுக்காதே. கேரளத்துல பரமேசுவரர் வருஷக்கணக்கா கிரகணம் பார்த்து, 1431-லேயே பழைய கணக்கைத் திருத்தி 'திருக்கணித'ன்னு நூல் எழுதிட்டாரு.

அப்புறமும் பழைய வாக்கியக் கணக்குக்கும் திருக்கணிதத்துக்கும் சண்டை ஓயல. 2025 மார்ச் 29-ல சனி பெயர்ந்தாச்சுன்னுது திருக்கணிதப் பஞ்சாங்கம். நம்ம காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாறு கோயில்ல, வாக்கியப்படி 2026-லதான்னுட்டாங்க. சனி ஒண்ணுதான்டா. அது எங்க இருக்குன்னு வெறுங்கண்ணாலேயே தெரியும். ஆனா மொட்டைமாடிக்கு ஏறுறவன் எவன்?

நாளைக்கு அந்தப் பஞ்சாங்கக்காரர்கிட்ட மறுபடி போ. காரணத்தைக் கேக்காதே. "கணக்கு வானத்தோட ஒத்து வரலன்னா என்னய்யா செய்வீங்க?"ன்னு பணிவாக் கேளு. அவர் பதிலுக்கு உன் லேப் ரெக்கார்டைக் கேப்பாரு, எடுத்துக்கிட்டே போ. பெண்டுலம் சோதனையில 'ஜி' 9.8 வரணும்னு, விடையை முதல்ல எழுதிட்டு அளவைப் பின்னால நிரப்பினியே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுடாதே.